வாசிக்காத பெயர்

அக்டோபர் 4, சனி

காலையில் வேதியியல் படித்தேன். மதியம் பிரகாசி மாமி வந்தார்கள். எப்போதும் முன்வாசலில் நின்று "பிள்ளே, அம்மை இருக்காளா?" என்று சத்தம் போட்டுக் கேட்பவர்கள், இன்று பின்பக்கமாக வந்து அடுக்களைப் படியில் உட்கார்ந்தார்கள். அப்பாவைப் பார்க்க வேண்டுமாம். அம்மா என்னிடம் ஒரு வாளித் துணியைக் கொடுத்து மாடிக்கு அனுப்பினாள். அதில் பாதி ஏற்கெனவே காய்ந்த துணி.

மாமியின் மகன் கிளாட்வின் அண்ணன் எங்கள் வெண்புறா கால்பந்து கிளப்பின் நடுக்கள ஆட்டக்காரர். நாளை திருவிழாக் கோப்பைக்குப் பெயர் வாசிக்கிறார்கள். அதைப்பற்றித்தான் பேச வந்திருப்பார்கள்.

அக்டோபர் 5, ஞாயிறு

அப்பா இன்று கோயில் மைக்கில் பெயர் வாசித்தார். செயலாளரான பிறகு இதுதான் முதல் தடவை. அம்மா புதுச்சட்டை எடுத்து வைத்திருந்தாள். அவர் பழையதைத்தான் போட்டுக்கொண்டார்.

பிற்காலத்தில் யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் அருளப்பன்துறையில் ஜெபமாலை மாதமான அக்டோபரின் கடைசியில் கோப்பை நடக்கும். அதற்கு முன்னால் பூசை முடிவில் கிளப் செயலாளர் பதினாறு பேரின் பெயரை வாசிப்பார். வாசிக்கப்பட்டவன் கோப்பை முடியும்வரை கடலுக்குப் போகக் கூடாது. எந்தப் போட்டிலும், அதாவது மீன்பிடிப் படகிலும், அவனை ஏற்ற மாட்டார்கள். அதற்குப் பதிலாக, கரை சேரும் ஒவ்வொரு போட்டும் அவன் வீட்டுக்கு ஒரு பங்கு மீன் கொடுக்கும். வாசிக்கப்படாதவன் வழக்கம்போலத் தொழிலுக்குப் போக வேண்டியதுதான்.

அப்பா பதினாறு பெயரையும் வாசித்துவிட்டு மைக்கை அணைத்தார். கிளாட்வின் அண்ணனின் பெயர் அதில் இல்லை.

அவர் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முதலில் சிரித்தார். யாரோ விளையாட்டு காட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார். பிறகு எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பயிற்சியாளர் டென்னிஸ் மாமா அங்கேயே அப்பாவைப் பார்த்துக் கத்தினார்: "பெர்க்மான்ஸே, இது என்னடே கூத்து? நடுவுல யார வச்சு ஆடுவேன்? ஒன்னைய எறக்கவா, அந்த ஒடஞ்ச முட்டோட?"

போன மாதம் பக்கத்து ஊருக்காக, அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில் கிளாட்வின் அனுமதி கேட்காமல் ஆடினான், கிளப் விதிப்படி அது தவறு என்று அப்பா சொன்னார். அந்த ஆட்டத்தில் ஆடியவர்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் பெயர் வாசிக்கப்பட்டது. அப்பாவுக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

மதியம் அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளியிலிருந்து வந்தபோது கிளாட்வின் அண்ணன் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றிருந்தார். நீலச் சட்டை. வலது காலில் மட்டும் செருப்பு வார் அறுந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாருங்க டீச்சரே, எந்தப் பாடத்துல எனக்கு பெயில் போட்டாவன்னு ஒங்க அப்பாட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார். நான் எப்போதும் புத்தகத்தோடு இருப்பதால் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் உள்ளே போய் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து வரலாறு படித்தேன்.

"கொச்சிக்காரங்க நேத்தும் போன் பண்ணுனாவ. பெரிய கிளப்பு. தங்க எடம், சாப்பாடு, ஒப்பந்தம். ஒரு வார்த்த சொல்லு, நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றார் அப்பா.

"அம்மைய தனியா விட்டுட்டு நா எங்கயும் போவல்ல மாஸ்டரே. எத்தன தடவ சொல்லது?"

"இங்க இருந்து என்ன செய்வே?"

"இங்க இருந்துதானே நீங்க எனக்கு ஆட்டம் படிப்பிச்சிய?"

கிளாட்வின் அண்ணன் அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி. நாளைக்கு ரோசம்மா போட்டு போவுது. நா ஏறுதேன். மீனாவது என்னைய ஆட்டத்துல சேக்கட்டும்."

"லே, கிளாட்வின்..." என்று அப்பா கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

ரோசம்மா போய்விட்டது. ஆழ்கடல் தூண்டில் போட்டு. போனால் திரும்ப வாரங்கள் ஆகும்.

பிரகாசி மாமி மறுபடியும் பின்பக்கமாக வந்தார்கள். அழுதார்கள். "போவான்னு நெனக்கலியே மாஸ்டரே, போவான்னு நெனக்கலியே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா, "ஒரு தடவதானே பிரகாசி, வந்துருவான்" என்றார். மகனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்ச வந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் அப்பா போனில் யாரிடமோ, "ஒரு தடவ கடல்ல கெடந்துட்டு வரட்டும். தானா புத்தி வரும்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

அப்பாவின் அலமாரியில் இருக்கும் ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து முடித்தேன். அயர்லாந்துக்காரர் ஒருவரின் வாழ்க்கை. சென்னையில் கம்பெனி அணியில் அப்பா ஆடிய காலத்தில் அங்கிருந்த பயிற்சியாளர் கொடுத்தது. அந்த அயர்லாந்துக்காரரும் அப்பாவைப்போல நடுக்களத்தில் ஆடியவர்; பிறகு பயிற்சியாளர்; பிறகு கிளப்பின் நிர்வாகி. அவர் ஆடிய ஆட்டங்களுக்குப் பாதிப் புத்தகம். மழையில் சேறாகிவிட்ட ஒரு மைதானத்தைப்பற்றி மட்டும் ஆறு பக்கம். பயிற்சியாளராக இருந்ததற்கு நிறையப் பக்கங்கள். நிர்வாகியானதும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. கோட்டுப் போட்ட படம் ஒன்று, அவ்வளவுதான். அந்த அறைக்குள் அவர் என்ன செய்தார் என்று ஒன்றும் இல்லை.

அப்பாவிடம் கேட்டேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "எழுதுனா ஒருத்தனும் வாங்கமாட்டான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "நடுவுல நிக்கும்போது பந்தத் தப்பாப் போட்டா நாமளே ஓடிப்போய் புடிச்சிரலாம் மக்கா. நாற்காலில இருந்து தப்பாப் போட்டா வேற எவனோதான் ஓடணும்."

நல்ல வாக்கியம். கட்டுரைப் போட்டியில் பயன்படுத்தலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஜெபமாலை, மறைக்கல்வி, கணக்கு. மைதானத்தில் டென்னிஸ் மாமா எல்லோரையும் திட்டினார். நடுவில் யாருமே நிற்கவில்லைபோல இருந்தது.

அக்டோபர் 15, புதன்

காற்று தென்மேற்கிலிருந்து வரவில்லை. எங்கிருந்தோ சுற்றிக்கொண்டு வருகிறது. மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். புயல் என்று வானொலியில் சொன்னார்கள். கரையில் உள்ளவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். ஏற்கெனவே போனவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. ரோசம்மா நிற்கும் தூரத்துக்கு வயர்லெஸ் எட்டாது.

அப்பா கடற்கரைக்குப் போகிறார், வருகிறார், போகிறார். முட்டு வலியில் காலை இழுத்து இழுத்து நடக்கிறார். அம்மா, "எத்தன தடவ போனாலும் கடலு அதேதான் இருக்கும், இருந்து காப்பியக் குடிங்க" என்றாள். அவர் குடிக்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

எழுத முடியவில்லை. மாடிக் கூரைத் தகடு பறந்துவிட்டது. புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

அக்டோபர் 18, சனி

மின்சாரம் இல்லை. தென்னைகள் ரோட்டில் கிடக்கின்றன. சில போட்டுகள் வந்துவிட்டன. லட்சத்தீவுப் பக்கம் சில ஒதுங்கியிருப்பதாகச் செய்தி. ரோசம்மாவைப் பற்றி ஒன்றும் இல்லை.

அப்பா கிளப் அறையைத் திறந்து, ஜெனரேட்டர் வைத்து, எல்லாத் துறைமுகங்களுக்கும் போன் பண்ணுகிறார். கொச்சி, பேப்பூர், மங்களூர், கோவா. மலையாளமும் ஆங்கிலமும் கலந்து கத்துகிறார். கோப்பைகள் வைக்கும் மேசையில் இப்போது போன்களும் சார்ஜர்களும் கிடக்கின்றன. பெண்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை அவர் போனை வைக்கும்போதும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன். அண்ணனின் போட்டில் போன வேறு ஆட்களின் வீட்டாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

பிரகாசி மாமி அங்கே வரவில்லை. மணலில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். முன்பு இதே கடலில்தான் அவர்களுடைய கணவரும் போனார். அது நான் பிறக்கும் முன்பு.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் அப்பாவைப் பார்த்து, "நீரு பேர வாசிச்சிருந்தா அந்தப் பய இன்னைக்கி இங்க முட்டு போட்டு நின்னிருப்பான் ஓய்!" என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். இன்னொருத்தி, "செயலாளரு நாற்காலி நல்லா மெத்துன்னு இருக்கா?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். இப்படி ஒரு நேரத்தில் சிரிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

கோபம் வந்தது. யார்மேல் என்று யோசித்தேன். அவர் செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 22, புதன்

ரோசம்மாவில் போன டைட்டஸ் அண்ணனையும் இன்னும் சிலரையும் சரக்குக் கப்பல் ஒன்று தூக்கிக் கொச்சியில் இறக்கியிருக்கிறது. அப்பா நேற்றே போய் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இன்று வந்தார். நேராகப் பிரகாசி மாமி வீட்டுக்குப் போனார். நானும் அம்மாவும் பின்னால் போனோம்.

மாமி வாசலை விட்டு நகரவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அப்பா நின்றபடியே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போட்டு கவுந்ததும் எல்லாரும் ஆளுக்கொரு பக்கமாப் போயிருக்காவ. கிளாட்வின்தான் நீந்திப் போய் ஒவ்வொருத்தனையா கூட்டியாந்து மெதந்த டீசல் கேனுகள்ல கயிறு கெட்டி வட்டமாப் புடிக்க வச்சிருக்கான். ஒருத்தன் கை தளந்தா பேரச் சொல்லிக் கத்துவானாம். ஆட்டத்துல கத்துவான்லா, அதே மாதிரி. 'டைட்டஸே, எடத்த விடாத! எடத்த விடாத!'ன்னு. மறுநா காலைல பாத்தா அவன் புடிச்சிருந்த எடம் காலி."

"காலின்னா?" என்று மாமி கேட்டார்கள்.

அப்பா ஒரு படி கீழே இறங்கி நின்றார்.

"காலின்னா என்ன மாஸ்டரே?"

"இல்ல பிரகாசி. அவன் இல்ல."

மாமி கதவைச் சாத்தினார்கள். சத்தம் வராமல், மெதுவாக.

அக்டோபர் 23, வியாழன்

இயற்பியல் செய்முறை. எனக்கு மட்டும் கையெழுத்து சரியாக வரவில்லை. எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். நீலச் சட்டை போட்டவர்களைப் பார்க்காமல் பள்ளிக்குப் போகும் வழி ஒன்று உண்டா என்று யோசித்தேன். இல்லை. எங்கள் ஊரில் எல்லோரும் நீலச் சட்டைதான் போடுகிறார்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு

கோப்பை நடந்திருக்க வேண்டிய நாள். கோப்பைக்குப் பதில் மைதானத்தில் ஊர்க்கூட்டம். ஃபாதர் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பள்ளிக்கூட வராந்தாவில் பெண்களோடு நின்றேன். பிரகாசி மாமி முன்வரிசையில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு.

டென்னிஸ் மாமாதான் ஆரம்பித்தார். "அந்த ஏழு பேரு ஆட்டத்துல மூணு பேரு ஆடுனானுவ. ரெண்டு பேருக்க பேர வாசிச்சே. கிளாட்வினுக்க பேர மட்டும் ஏன் விட்டே? சின்ன வயசுல நீயே பக்கத்து ஊருக்கு ஆடுனவன்தானே? நானுந்தான் ஒங்கூட ஆடுனேன்! சொல்லுலே!"

அப்பா எழுந்தார்.

"விதி சும்மா சாக்கு. கொச்சிக்காரங்க அவனக் கேட்டாவ. அவன் போனா எனக்கும் அங்க மேனேஜர் வேல தாறதா சொன்னாவ. அவன் போவமாட்டேன்னான். இங்க ஆட்டம் இல்லன்னா போவான்னு நெனச்சேன். அதான் வாசிக்கல. வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல. எனக்க முடிவு."

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிரகாசி மாமி எழுந்து வந்து, குனிந்து, ஒரு கை மண்ணை அள்ளி அப்பாவின் முகத்தில் எறிந்தார்கள். "எனக்க பிள்ளைய வித்துட்டியே! வித்துட்டியே பாவி!" அப்பா கண்ணைத் துடைக்காமல் நின்றார். மாமி மறுபடி மறுபடி எறிந்தார்கள். ஃபாதர்தான் கையைப் பிடித்தார். அப்பாவைக் கிளப்பிலிருந்து நீக்குவதாக அங்கேயே முடிவு சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாளியில் தண்ணீர் எடுத்து அவர் முகத்தைக் கழுவிவிட்டாள். கழுவிக்கொண்டே திட்டினாள். நான் அடுத்த அறையில் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே சொன்னாளா, தெரியாது.

"அவதானே வந்து கேட்டா? இந்தப் படில இருந்துதானே கேட்டா? 'இந்த வருசம் அவனுக்க பேர வாசிக்காதீங்க மாஸ்டரே, எல்லாரு முன்னாலயும் மானம் போனா கோவிச்சுக்கிட்டு கொச்சிக்குப் போவான், நானும் அவனக் கடலுக்குக் குடுக்காம சாவேன்'னு காலப் புடிக்காத கொறையா அழுதாளே! நீங்க முடியாதுன்னுதானே சொன்னிய? கெஞ்சிக் கெஞ்சித்தானே சம்மதிக்க வச்சா? இன்னைக்கி மண்ண வாரி எறியிதா. ஊரு முன்னால நீங்க ஏன் சொல்லல?"

"மேனேஜர் வேலயும் நெசந்தான்" என்றார் அப்பா.

"அது பொறவு வந்தது!"

"முன்னால வந்தா என்ன, பொறவு வந்தா என்ன. மனசுல இருந்துது."

"அப்ப அவ செஞ்சது?"

அப்பா மறுபடி தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கண்ணில் இன்னும் மண் இருந்திருக்கும். பிறகு சொன்னார்: "புருசனும் இல்ல. பிள்ளையும் இல்ல. அவளுக்கு மிச்சம் இருக்கது எம்மேல உள்ள கோவம் மட்டுந்தான். அதயும் நான் புடுங்கணுமா?"

அம்மா வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கடலுக்கு அனுப்பாமல் இருக்க வேண்டும் என்றுதான் அப்பாவும் மாமியும் அதைச் செய்தார்கள். கிளாட்வின் அண்ணன் நேராகக் கடலுக்குப் போவார் என்று இருவருமே நினைக்கவில்லை. அம்மாவைத் தனியாக விடமாட்டேன் என்று அவர் எங்கள் முற்றத்தில் நின்று சொன்னதை நான்கூடக் கேட்டேன். அப்பாவும் கேட்டார். கேட்டும் ஏன் புரியவில்லை?

அக்டோபர் 29, புதன்

அப்பா கிளப் சாவியை டென்னிஸ் மாமா வீட்டில் கொடுக்கப் போனார். மாமா வாங்கவில்லை. வாசல்படியில் வைத்துவிட்டு வந்தார். கொச்சியிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

தமிழ் இரண்டாம் தாளில் எழுபத்தெட்டு.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பா வரவில்லை. நானும் அம்மாவும் எங்கள் தாத்தா கல்லறையைக் கழுவிப் பூ வைத்தோம். சாம்பிராணிப் புகையும் செவ்வந்தி வாசனையும். உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று ஊரில் ஒரே பேச்சு. ஃபாதர் பெரிய சிலுவையடியில் ஏற்றச் சொன்னார்.

பிரகாசி மாமி சிலுவையடிக்குப் போகவில்லை. மதில் ஓரமாக நின்றிருந்தார்கள். கையில் மெழுகுவர்த்தி, பற்றவைக்காமல். அம்மா வேண்டாம் என்று என் கையைப் பிடித்தாள். ஆனாலும் நான் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். அப்பாவைப் பார்த்தாலே ஆட்கள் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறார்கள், நேற்று எங்கள் வீட்டுச் சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள், அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, இதையெல்லாம் சொல்ல நினைத்தேன். நீங்கள்தானே மாமி கேட்டீர்கள் என்று கேட்க நினைத்தேன்.

மாமி என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள். முகம் பாதியாகிவிட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்.

"ஒங்கப்பன் வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?"

எத்தனை நாளாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தார்களோ.

"சொன்னாவ மாமி" என்றேன்.

மாமி மதிலைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அவருதான் செஞ்சேன்னு சொன்னாவ. கொச்சி வேலைக்காக. வேற ஒண்ணும் இல்ல. வேற யாரும் இல்ல."

நான் கண்ணை எடுக்காமல் சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று எல்லோரும் சொல்வார்கள். வந்தது.

மாமி வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார்கள். நம்பினார்களா, நான் அறிந்தே சொல்கிறேன் என்று புரிந்துகொண்டார்களா, எனக்குத் தெரியாது. மெழுகுவர்த்தியை மதிலில் வைத்தார்கள். பக்கத்தில் நான்கைந்து பேர் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். மாமி நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்கள்:

"கொலகாரனுக்க மவளே, எம்முன்னால நிக்காத. போ!"

நான் போனேன்.

நவம்பர் 3, திங்கள்

பள்ளிக்குப் போனேன். என் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. சாயங்காலம் அப்பா, "பள்ளிக்கூடம் எப்படி இருந்துது மக்கா?" என்று கேட்டார். எப்போதும்போல இருந்தது என்று சொன்னேன்.